அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரை

அண்ணனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ஏரியில் முழுகிய ஈரத்தோடு வீராசாமி வாசலில் நின்று விளக்கைப் பார்த்தான். மழித்த தலையில் வெயில் ஏறிக் கண்கள் சிவந்திருந்தன. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. "தல வெடிக்குது" என்று சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

உள்ளே முனியம்மாள், மருமகள் கனகாவின் கையைத் தன் மடியில் பிடித்து வைத்திருந்தாள். காலையிலிருந்து விடவேயில்லை. "இவ இன்னா பண்ணுவா பாவம்? என் தம்பிக்கு வந்த அதே காமாலதான் எம் புள்ளயயும் இட்டுக்கினு பூட்ச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஏர் ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டு வந்த புருஷன் ஏகாம்பரத்துக்குக் கனகாதான் வலி மாத்திரை கொடுத்திருந்தாள். அவளுடைய பல்வலிக்கு வாங்கியதில் மிச்சம். அவளுக்கு அது நன்றாகத்தான் கேட்டது. அவனுக்கோ மூத்திரம் கடுங்காபியாய்ப் போனது, கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே நாளைக் கடத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாராம்மா? சில குடும்பத்து ரத்தத்துக்கு அது ஆகாது. ரத்தமே உடைஞ்சிடும். கூடப் பொறந்தவங்களுக்கும் அப்படி இருக்கலாம்."

மாமியார் பக்கத்தில் நின்றிருந்தாள். கனகா இல்லையென்று தலையாட்டிவிட்டாள். பயம். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ, அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கடுங்காபியோடு வந்து வீராசாமியின் கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். "இத்த போட்டுக்க நைனா. கனகாவுக்குப் பல்லு வலிச்சப்போ உத்திரமேரூர்லேந்து நான்தான் வாங்கியாந்தேன். பட்டுனு நின்னுட்ச்சி."

உள்ளேயிருந்தே கனகாவுக்குத் தெரிந்தது, அதே வெள்ளை மாத்திரை.

"வேணாம்" என்றாள் கனகா. ஒப்பாரிச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் மாத்திரையை வாயருகே கொண்டுபோனான்.

"துன்னாத தம்பி!" என்று அலறிவிட்டாள். "அதான் உங்கண்ணனுக்கு நான் குட்த்தது. ஒங்க ரத்தத்துக்கு அது ஆவாது. டாக்டரு கேட்டாரு. நான்தான் இல்லன்னுட்டேன்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வீராசாமி மாத்திரையைக் கீழே வைத்தான். காபியைத் தொடவில்லை.

முனியம்மாள் தன் மடியிலிருந்த மருமகளின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை எடுத்துத் தரையில் வைத்தாள்.