ஆபத்து இல்லாத மரம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல; என்னிடம் கேட்டு வாங்கியது. அதை இப்போதே சொல்லிவிட்டால், பின்னால் வரும் குறைகளில் பாதியை வேறு ஆள் தலையில் கட்டிவிடலாம்.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு குழு இருக்கிறது. மரம், மரபு, பொறுப்பான நகர வளர்ச்சி மூன்றையும் ஒரே பெயர்ப்பலகைக்குள் அடைத்து வைத்திருக்கும் குழு. அதன் செயலாளர் ஜெயபாலன் ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்.

"அண்ணே, ஜப்பான்காரன் காலத்துல நம்ம ஆளுங்க மரத்தைக் காப்பாத்துன மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்கலா. கொஞ்சம் கண்ணீர் இருக்கட்டும். சாவு மட்டும் வேணாம். விருந்துக்கு டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் வர்றாரு."

"அப்பல்லாம் அப்படி ஒரு குழு இருந்துச்சா?"

"இருந்திருக்கும்லா. நம்ம ஆளுங்க கூடினா கமிட்டி போடாம வீட்டுக்குப் போவாங்களா?"

என் கையில் இருந்தது ஒரே ஒரு வரி. தாப்பா பேருந்து நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னது: "மரத்துக்குக் காவல் நின்னவனை சயாமுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போகலையாம்." மேலே கேட்பதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்:

கிந்தா ஆற்றின் மேல் மெல்லிய மூடுபனி படர்ந்திருந்த அந்த அதிகாலையில், சுண்ணாம்புக் குன்றுகள் மௌனமாக—

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிற கதையில் யாருக்கும் பசிக்காது. ஜப்பான் காலத்தில் எல்லாருக்கும் பசித்தது.)

இரண்டாம் தொடக்கம்:

ஈப்போ நகர விருட்ச சம்ரட்சண, சுகாதார, நாகரிக அபிவிருத்திக் கமிட்டியின்* தலைவர் சாத்தப்பன் அவர்கள் எழுந்து, தொண்டையைச் செருமி, இத்தருணத்தில் தாம் பேச விரும்பவில்லை என்றும், இருப்பினும் அன்பர்கள் வற்புறுத்துவதால்—

(அன்பர்கள் வற்புறுத்தவில்லை. எழுதுகிற நானும் வற்புறுத்தவில்லை. ஆனாலும் மனிதர் ஒரு பக்கம் பேசிவிட்டார். முழுவதையும் அடித்த பிறகும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். உட்காரச் சொன்னால் நன்றியுரை வரும் என்று பயமாக இருக்கிறது.)

* போருக்கு முன்பு இதே கமிட்டி வெள்ளைக்காரனுக்குச் சாக்கடை பற்றி மனு எழுதியது. ஜப்பான்காரன் வந்ததும் நாற்காலிகளைத் தோக்கியோ இருக்கும் திசைக்குத் திருப்பிப் போட்டார்கள், கூட்டம் தொடங்கும் முன் குனிந்து வணங்க வசதியாக. சாக்கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் தொடக்கம். இதுதான் நிற்கும்:

அந்தக் கமிட்டியிடம் இருளாயிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு துணிப்பட்டை.

3

இருளாயி ஒத்தப்பால ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள். ஈப்போவிலிருந்து, பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் போகும் பக்கம் அந்தத் தோட்டம். தொரை கப்பலேறி ஓடியதிலிருந்து பால் வாங்க ஆளில்லை. லயத்து வரிசை வீட்டுச் சனம் காலி இடமெல்லாம் மரவள்ளி நட்டு, காலையில் அதை அவித்துத் தின்றது. சலித்துப்போன நாளில் சுட்டுத் தின்றது.

அதுகூடப் பொறுக்கலாம். லாரி வருவதுதான் பொறுக்க முடியாதது. சயாமில் ரயில் பாதை போட ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போன லாரி, திரும்பி வரும்போதெல்லாம் காலியாகவே வந்தது. அடுத்த லாரிக்குக் கங்காணி கூப்பிட்ட பெயர்களில் பிச்சைமுத்து என்பதும் இருந்தது. அது அவள் புருஷன்.

தப்ப ஒரு வழி இருந்தது. கமிட்டி ஏற்றுக்கொண்ட மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாள் வைத்துக்கொள்ள ஜப்பான்காரன் அனுமதி கொடுத்திருந்தான். காவலாள் கையில் வெள்ளைப் பட்டை கட்டுவார்கள். பட்டை கட்டினவனை லாரி ஏற்றாது. இந்தச் செய்தி பரவிய வாரமே ஈப்போக்காரர்களுக்கு மரங்கள் மீது பிறந்த பாசத்தை என்னவென்று சொல்வது. கடைக்காரர்களின் பிள்ளைகள், மருமகன்கள், பங்காளிகள் எல்லாரும் காவலாள் ஆனார்கள். தலைவரின் மைத்துனர் வள்ளியப்பன் தன் வீட்டுக் கொல்லை மாமரத்தைச் சாய்வு நாற்காலியிலிருந்தே காவல் காத்தார்.

இருளாயி நடந்தே டவுனுக்குப் போனாள். சாத்தப்பன் செட்டியார் கடை மாடியில் கமிட்டி கூடியிருந்தது.

"செட்டியாரய்யா, எங்க தோட்டத்து ரப்பர் பொகைக்கூடத்து வாசல்ல பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு நிக்கிது. அதையும் சேத்துக்கங்க. காவலுக்கு எங்க வீட்டுக்காரர் இருக்காரு."

செயலாளர் சதாசிவம் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நகர அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா. இப்போது நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழி படித்து மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். "அது நகர எல்லைக்கு வெளியில அல்லவா இருக்கு?"

"எல்லைய கொஞ்சம் தள்ளிப் போடுங்க கிராணியாரே. ஜப்பான்காரன் தள்ளிக்கிட்டு வரலையா?"

வள்ளியப்பன் சிரித்துவிட்டு, வாசற்பக்கம் ஒருமுறை பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"நேரில் பரிசீலிக்காமல் எந்த விருட்சத்தையும் ஏற்பது கமிட்டியின் மரபல்ல," என்றார் சாத்தப்பன். "ஆய்வுக்குழு வரும்."

"எப்ப வருமுங்க?"

"முறைப்படி வரும்."

இருளாயி படியிறங்கினாள். வழியெல்லாம் அவள் 'முறைப்படி' என்ற சொல்லை என்னென்ன சொல்லோடு சேர்த்துச் சொன்னாள் என்பதை மலரில் போட முடியாது.

4

வந்தார்கள். எதில் வந்தார்கள் என்பதுதான் விஷயம்.

செட்டியாரின் காருக்குப் பெட்ரோல் இல்லை. சைக்கிளுக்கு டயர் இல்லை. தோட்டத்துப் பக்கம் போகிற வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சதாசிவம் ஜப்பான்காரனிடம் குனிந்து கேட்டு அதில் இடம் வாங்கிவிட்டார். தலைவர், செயலாளர், வள்ளியப்பன் என்ற மூன்று பேர் மரப் பாதுகாப்பு ஆய்வுக்குழு, கோட்டும் அங்கவஸ்திரமுமாக, சயாமுக்கு ஆள் பிடிக்கிற லாரியில் வந்து இறங்கியது.

(வரைவைப் படித்துவிட்டு ஜெயபாலன் போன் செய்தார். "அந்த லாரியிலயா அண்ணே வரணும்? வேற வண்டியே இல்லையா?" நீங்களே ஒன்று பிடித்து அனுப்புங்கள் என்றேன். கூட்டத்தில் வைத்துச் சொல்வதாகச் சொன்னார்.)

தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட, ஆம்பளைகள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். பிச்சைமுத்துவும் நின்றான். லாரிப் படியில் ஒரு ஜப்பான் சிப்பாய் உட்கார்ந்து சிகரெட் பிடித்தான். கூப்பிடு தூரத்தில் தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே கமிட்டி.

சாத்தப்பன் மரத்தைச் சுற்றி வந்தார். தொண்டையைச் செருமினார். மரங்கள் நாகரிகத்தின் நுரையீரல் என்று மரத்திடமே எடுத்துச் சொன்னார். இருளாயி மரவள்ளி அவித்து வைத்திருந்தாள்; மூன்று பேரும் சாப்பிட்டார்கள். வள்ளியப்பன் இன்னொரு துண்டு கேட்டார். அவள் கண் முழுக்கக் களத்தின் மேல் இருந்தது. வரிசையின் முன்பகுதி லாரியில் ஏறத் தொடங்கியிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கய்யா."

சதாசிவம் சொன்னார்: "மரம் நல்ல ஆரோக்கியமா இருக்கு. ஒரு கீறல் இல்லை. வெட்ட நினைக்கிறவரும் யாருமில்லை. கமிட்டி ஆபத்தில் இருக்கிற மரத்தைத்தான் ஏத்துக்கலாம். விதி அப்படி."

"இவரு வீட்டு மாமரத்துக்கு என்னய்யா ஆபத்து?"

"அணில்," என்றார் வள்ளியப்பன், வாயில் கிழங்கோடு.

இருளாயி அவரைப் பார்த்தாள். பிறகு தலைவரை. பிறகு செயலாளரை.

"உங்களையெல்லாம் சயாமுக்கு ஏத்தக் கூடாதுய்யா. தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்தணும். அங்கதான் இதுக்கு வைத்தியம் பாக்குறாங்க."

"விடு புள்ள," என்று களத்திலிருந்து பிச்சைமுத்து குரல் கொடுத்தான். "அவங்க கிட்ட வாயக் குடுக்காத."

அவள் புகைக்கூடத்துக்குள் போனாள். விறகு பிளக்கும் கோடாரியோடு வெளியே வந்தாள். கமிட்டி ஒருமனதாகப் பின்வாங்கியது. அன்றைய தினம் விவாதமில்லாமல் நடந்த முதல் காரியம் அதுதான். அவள் அவர்களைத் தாண்டிப் போய் மரத்தில் வீசினாள். மரப்பட்டை தெறித்தது. மறுபடி வீசினாள். உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை நிறுத்தவில்லை.

"இப்ப ஆபத்து வந்துருச்சா, கிராணியாரே?"

5

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இருளாயி இப்படிச் செய்வாளா? பதறி அழுகிற ஒருத்தியாக அவளை மாற்றி எழுதிப் பார்த்தேன். அந்த வரைவில் கமிட்டி அவளுக்கு ஆறுதல் சொன்னது, லாரி போய்விட்டது. கோடாரியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

கமிட்டிக்கு வெட்டைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. விதிக்குள் வந்துவிட்டதல்லவா. சாத்தப்பன் தாமே போய்ப் பிச்சைமுத்துவை வரிசையிலிருந்து அழைத்து வந்து, அவன் கையில் பட்டையைக் கட்டினார். அதில் ஜப்பான் எழுத்தில் என்ன எழுதியிருந்தது என்று கட்டினவருக்கும் தெரியாது, கட்டிக்கொண்டவனுக்கும் தெரியாது. பிச்சைமுத்து கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

("இதோட முடிச்சிருங்க அண்ணே," என்றார் ஜெயபாலன். "அருமையா இருக்கு. கோடாரிய மட்டும் எடுத்துட்டா டத்தோவே படிப்பாரு." எனக்கும் முடித்துவிட ஆசைதான். ஆனால் மரம் வெட்டுகிற சத்தம் கூப்பிடு தூரத்துக்குக் கேட்கும். லாரிச் சிப்பாய் செவிடன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.)

அவன் வந்தான். வெட்டைப் பார்த்தான், கைப்பட்டையைப் பார்த்தான், சதாசிவத்திடம் ஏதோ கேட்டான். சதாசிவத்தின் முகம் வெளுத்தது.

"பாதுகாக்கப்பட்ட மரம் சக்கரவர்த்தியோட சொத்தாம். வெட்டினது யாருன்னு காவலாள் சொல்லணுமாம். சொல்லலேன்னா காவலாளே வெட்டினதா எடுத்துக்குவாங்களாம்."

சிப்பாய் தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தான். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

முடிவு அ: பிச்சைமுத்து தன் மனைவியைக் காட்டிக்கொடுக்கிறான். (எழுதினேன். அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை.)

முடிவு ஆ: "நான்தான் வெட்டினேன்" என்கிறான். (வாயைத் திறந்துவிட்டான். இருளாயி அவன் காலை ஓங்கி மிதித்தாள்.)

முடிவு இ: இருளாயி தானே முன்வந்து—

முடிவு ஈ நான் எழுதியது அல்ல.

"இடி," என்றார் சாத்தப்பன். மெதுவாகத்தான் சொன்னார். "இடி விழுந்தது. வேற ஒண்ணுமில்ல."

இவரைப் பார்த்து நாம் சிரிக்க மட்டுமே படைத்தேன். அவர் எதற்காக இப்படி ஒரு வரி பேசினார் என்று எனக்கு விளங்கவில்லை.

சிப்பாய் வானத்தைப் பார்த்தான். மேகம் இல்லை. மறுபடி சதாசிவத்திடம் கேட்டான்.

"இது அவரோட பேச்சா, கமிட்டியோட பேச்சான்னு கேக்குறான்," என்றார் சதாசிவம். பழக்கதோஷத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: "கமிட்டியோட பேச்சுன்னா தீர்மானம் வேணும். தலைவர் முன்மொழிய முடியாது."

"உங்க விதியில மண்ணு விழ," என்றாள் இருளாயி.

வள்ளியப்பன் விரலைத் துடைத்துக்கொண்டார். மாமரத்தை நினைத்திருப்பார், சாய்வு நாற்காலியை நினைத்திருப்பார். தன் கையில் இருந்த பட்டையை ஒருமுறை தடவினார். "நான் முன்மொழியிறேன் அத்தான். இடிதான்."

இனி வழிமொழிய ஒருவர் வேண்டும். மிச்சமிருப்பது சதாசிவம். பொய்யைச் சிப்பாயின் மொழியில் சொல்லப்போகிறவரும் அவரே. பிடிபட்டால் கோடு அவர் கழுத்திலிருந்துதான் தொடங்கும்.

"கையத் தூக்குங்க கிராணியாரே," என்றாள் இருளாயி. இந்த முறை குரலில் கேலி இல்லை.

6

அந்தக் கையை நான் தூக்கிப் பார்த்தேன். இரண்டு வரைவுகளில் தூக்கினேன். இரண்டிலும் அது அவருடைய கையாக இல்லை. மலருக்காக ஒட்டவைத்த கையாக இருந்தது.

அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெரிந்த ஒரே வழியில் நேரத்தை நீட்டினார்.

"கூடியிருக்கிறவங்கள்ல வேற யாராவது வழிமொழியிறீங்களா?"

விதி அவ்வளவுதான் கேட்கிறது: கூடியிருப்பவர்களில் ஒருவர். லயத்துப் பெண்கள் கதவுகளுக்குப் பின்னால் நின்றார்கள். களத்தில் கங்காணி தரையைப் பார்த்தார். லாரிக்காரன் எஞ்சினை முடுக்கினான்.

என் கை பேனாவைப் பிடித்திருக்கிறது. அது கணக்கில் வராது என்று சதாசிவம் சொல்லிவிட்டார். படிக்கிற நீங்கள் முதல் வரியிலிருந்து இந்த மரத்தடியில்தான் நிற்கிறீர்கள். மரவள்ளி மணத்தது, கோடாரி விழுந்தது, எல்லாம் பார்த்தீர்கள். வானத்தில் மேகம் இல்லாததும் உங்களுக்குத் தெரியும். கையைத் தூக்கினால் அந்தப் பொய்யில் உங்களுக்கும் பங்கு. தூக்காவிட்டால் பிச்சைமுத்துவின் பட்டையை அவிழ்க்க வேண்டியது சாத்தப்பன் வேலை.

சிப்பாய் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டான்.

இருளாயி உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள். கோடாரியை இன்னும் கீழே வைக்கவில்லை.