கேள்விக்குறிச் சீட்டுகள்

அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த முதல் தாளை, சங்கத்துக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஷீலா எடுத்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். கடைசியாக ஜான்சியைப் பார்த்தாள்.

“இன்னா ஜான்சி இது? எல்லாம் தூண்டில் முள்ளு மாரி கீது?”

தாளில் கட்டங்கள் சரியாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். பட்டியல் வரிசைப்படி எண்ணிப் பார்த்தால் தேசம்மாவுக்கு ஏழு, மண்ணாங்கட்டிக்குப் பன்னிரண்டு.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு இருந்தது அந்த ஒரே அறைதான். அதற்குள் நாற்பது பேராவது நின்றிருந்தார்கள். வாசலிலும் சன்னலிலும் இன்னும் சிலர். மணி இரண்டரை. நான்கு மணிக்குக் குலுக்கல். புதிதாகக் கட்டியிருக்கும் மீன் அங்காடியில் ஐம்பத்தாறு இடங்கள். யாருக்கு எந்த இடம் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கையால் எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் எழுதக் கூடாது. சென்ற வருஷம் ஐஸ் பெட்டி வைக்கும் இடத்துக்குக் குலுக்கியபோது, சீட்டு எழுதியவளின் நாத்தனாருக்கே நல்ல இடம் விழுந்தது. அந்தச் சீட்டில் மட்டும் மை அழுத்தமாக இருந்ததாம், மடித்த பிறகும் வெளியே தெரிந்ததாம். ஒரு வாரம் பாதிக் குப்பம் மீதிக் குப்பத்தோடு பேசவில்லை. அப்போது போட்ட தீர்மானம்தான் இது: இனி சீட்டில் பெயரை மனுஷக் கை எழுதாது. மெஷின்தான் எழுதும். அதுவும் வெளிக்கடையில் இல்லை, இதே அறையில், எல்லோர் கண் முன்னாலும்.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கோப்போடு, இடங்களை ஒதுக்க வந்த அதிகாரி அனந்தராமன் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோப்பில் இன்னொரு பட்டியல் இருந்தது. அதில் நாற்பத்தேழு பேர்தான். குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட ஒன்பது பெண்களின் பெயர்கள் அதில் அடிக்கப்பட்டிருந்தன. ‘இங்கே குடியில்லை’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

“சங்கத்துத் தீர்மானத்துல ஐம்பத்தாறு பேர் இருக்குன்னா எனக்கு ஆட்சேபணை இல்லைம்மா,” என்று அவர் வந்தவுடனே சொல்லியிருந்தார். “நாலு மணிக்கு ஐம்பத்தாறு சீட்டு ரெடியா இருக்கணும். இல்லைன்னா என் லிஸ்டை வெச்சுத்தான் குலுக்கணும். மிச்ச இடம் வெளியாளுக்குப் போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி ஜான்சியின் அத்தை தேசம்மா. பெரும்பாக்கத்திலிருந்து தினமும் விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இங்கேதான் மீன் எடுத்து, இங்கேதான் விற்கிறாள். கூடையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற பஸ்கள் எத்தனை, நின்று ஏற்றிக்கொள்கிற கண்டக்டர் யார் என்று அவளுக்கு மனப்பாடம். இப்போது சுவரில் சாய்ந்தபடி வெற்றிலையைக் கூடப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜான்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்சிக்கு இருபத்திரண்டு வயது. பகலில் தி. நகர் துணிக்கடையில் பில் போடுகிறாள். வாரத்தில் மூன்று மாலை அடையாறில் லினக்ஸ் கணினி வகுப்புக்குப் போகிறாள். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது முறையும் இழுத்துப் பார்க்கிற ஜாதி. எந்தக் கட்டளையையும் முதலில் நோட்டில் எண் போட்டு எழுதிய பிறகுதான் விசைப்பலகையைத் தொடுவாள். பட்டியலைச் சீட்டுகளாக அச்சடிக்கும் சின்ன புரோகிராமை எழுதியதும் அவள்தான். வகுப்புக் கணினியில் நான்கு முறை ஓட்டிப் பார்த்து, நான்கு முறையும் தமிழ் முத்து முத்தாக வந்ததை நோட்டில் குறித்தும் வைத்திருந்தாள்.

ஆகவே கேள்விக்குறிகளைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். தப்பு நம்முடையது.

புரோகிராமில் மொத்தம் நாற்பத்தொரு வரிகள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். நாற்பத்தொன்று முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

“இன்னாடி பண்ணிக்கினு கீறா இவ? ஜெபமா?” என்றாள் மண்ணாங்கட்டி. ஐம்பது வயது, குப்பத்திலேயே உரத்த குரல். முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவளுக்கு வைத்த பெயர் அது. எமன் மட்டும் இல்லை, எல்லோருமே இன்றுவரை அவள் பக்கம் வரப் பயந்தார்கள்.

“சும்மா இரு யக்கா. அது யோசிக்குது,” என்றாள் ஷீலா.

“யோசிக்கட்டும். நாலு மணிக்கு அந்த சார் யோசிக்க மாட்டாரு.”

மூன்றாவது முறையும் ஒன்றாம் வரிக்கு வந்தபோது ஜான்சி நேரம் பார்க்கத் திரையின் மூலையைப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்தைந்து. அதற்குப் பக்கத்தில் கிழமை. ‘சாட்டர்டே’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸாம்ஸ்டாக்’ என்று இருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

“அக்கா, இது இன்னா பாஷை?”

“எது?”

“இந்த ஸ்கிரீன்ல கீறதெல்லாம்.”

ஷீலா குனிந்து பார்த்தாள். “இங்கிலீஷ் தானே? நான் கஷ்டமான இங்கிலீஷ்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரெண்டு வருசமா படம் பாத்துத்தான் அமுக்கறேன்.”

“இது இங்கிலீஷே இல்லக்கா. மெஷினு எங்கேர்ந்து வந்திச்சி?”

“ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கம்பெனி மூடினாங்க. அவங்கதான் சும்மாவே குடுத்தாங்க. ஜெர்மனிக்கு டிராயிங் போட்டுக்கினு இருந்தவங்க.”

ஜான்சி நோட்டை மூடி வைத்தாள். நோட்டில் எழுதாமலே விசைப்பலகையைத் தொட்டாள். கணினி தன்னை எந்த ஊரில், எந்த மொழியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு, ‘லோக்கேல்’ என்று. அடித்தாள். பதில் வரிவரியாக வந்தது. மொழி ஜெர்மன். ஊர் ஜெர்மனி. எழுத்துகளோ அந்தக் காலத்து இருநூற்றைம்பத்தாறு எழுத்துப் பட்டியல். அதில் ஐரோப்பாக்காரர்களின் புள்ளி வைத்த எழுத்தெல்லாம் உண்டு, தமிழில் ஒரு எழுத்துக் கூடக் கிடையாது. பட்டினப்பாக்கத்தில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு இரண்டு வருஷமாக இந்த மெஷின் ஜெர்மனியிலேயே இருந்திருக்கிறது. தெரியாத எழுத்து வரும்போதெல்லாம் அது கேள்வி கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

“புரோகிராம் தப்பு இல்லக்கா! மெஷினுக்குத் தமிழ் இருக்குதுன்னே தெரியாது!”

“அட நாசமாப் போற மெஷினே,” என்றாள் மண்ணாங்கட்டி. “சொல்லிக் குடுடி அதுக்கு.”

சொல்லிக் கொடுக்க மெஷினுக்குள் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். உலகத்து மொழிகளெல்லாம் வரிசையாக எழுதியிருக்கும் கோப்பு. வேண்டாதவற்றின் முன்னால் # என்று ஒரு வேலிக்குறி இருக்கும். தமிழுக்கு முன்னால் இருக்கும் வேலியை எடுத்தால் போதும். ஜான்சி கோப்பின் பெயரை அடித்தாள். சாய்கோடு வர வேண்டிய இடத்தில் சிறுகோடு வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி சிறுகோடு.

“கீபோர்டும் ஜெர்மனியில கீதுக்கா!” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்க கோடெல்லாம் வேற எடத்துல. ஒய்யும் இசட்டும் எடம் மாறிக்கும்.”

விசைப்பலகையை ஊருக்குத் திருப்பும் கட்டளை நோட்டின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அதில் ஒய் இல்லை, இசட் இல்லை, கோடு இல்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டே அடிக்கலாம். அடித்தாள். சாய்கோடு வந்தது. வாசலில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் உள்ளே இருப்பவர்கள் ‘ஹோ’ என்றதும் அவர்களும் ‘ஹோ’ என்றார்கள்.

மூன்று பதினைந்துக்கு, அந்தக் கோப்பைத் திறக்க மெஷின் கடவுச்சொல் கேட்டது.

ஷீலா ஜான்சியின் காதில் குனிந்து சொன்னாள். ஜான்சி அடித்தாள். ஜெர்மனில் ஒரு வரி வந்தது. அர்த்தம் தெரியாவிட்டாலும் முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

“சரியா அடிச்சியா?”

இந்தக் கேள்வி ஒன்று போதும் ஜான்சிக்கு. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தாள். அதே வரி.

“நவுரு. நான் அடிக்கறேன். டெய்லி அடிக்கறவ நான்.” ஷீலா நாற்காலியில் பாதி உட்கார்ந்து பத்து விநாடியில் அடித்தாள். மூன்று தப்பு ஆகிவிட்டதால் இந்த முறை மெஷின் கதவையே சாத்திவிட்டது.

“காலைல இதே பாஸ்வேர்டுதானே போட்டேன்!” ஷீலாவின் குரல் ஏறிவிட்டது. “ஏசுராஜ், ஏசுராஜ்! எம் புள்ள பேர நான் மறப்பேனா?”

“ரகசியத்த ஊருக்கே சொல்லிட்டா,” என்றாள் சன்னலில் இருந்த ஒருத்தி.

“புள்ள பேர மாத்திட்டானோ இன்னாவோ, போன் போட்டுக் கேளு,” என்றாள் இன்னொருத்தி. அறை சிரித்தது. தேசம்மா சிரிக்கவில்லை. அனந்தராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பின் நாடாவை அவிழ்த்தார்.

ஜான்சிக்கு மறுபடி அதே நினைப்பு. நம்மால்தான். நாம் தொட்ட பிறகுதான் மாறியது. காலையில் வேலை செய்த கடவுச்சொல் இப்போது செய்யவில்லை என்றால், நடுவில் நாம் என்ன செய்தோம்? நோட்டைத் திறந்து, அன்று செய்ததையெல்லாம் வரிசையாக எழுதினாள். ஒன்று, அச்சடித்தது. இரண்டு, லோக்கேல் கேட்டது. மூன்று, விசைப்பலகையை மாற்றியது.

மூன்று.

“அக்கா, இந்தப் பாஸ்வேர்டு எப்ப வெச்சீங்க?”

“மெஷின் வந்த அன்னிக்கே.”

“இதே கீபோர்டுலயா?”

“ஆமா. அவங்க குடுத்தது ஒடஞ்சி கெடந்துது, ரிச்சி ஸ்ட்ரீட்ல இத வாங்கியாந்து போட்டேன். ஏன்டி?”

ஜான்சி எழுந்தே விட்டாள். “அக்கா! நீங்க ஏசுராஜுக்கு மொத எழுத்து ஒய்தானே அமுக்கினீங்க? மெஷின் ஜெர்மனியில இருந்துது. அது இசட்னு எழுதிக்கிச்சி! பாஸ்வேர்டு அடிச்சா ஸ்கிரீன்ல புள்ளிதானே வரும், எழுத்தா வரும்? ரெண்டு வருசமா நீங்க தப்பா அமுக்க, அது தப்பாப் புரிஞ்சிக்க, ரெண்டு பேருக்கும் ஒத்துப் போயிடிச்சி. இப்ப நான் சரி பண்ணதாலதான் கெட்டுப் போச்சி!”

“சரி பண்ணா கெட்டுப் போவுமா?” என்றாள் மண்ணாங்கட்டி. “ஷோக்கான மெஷினு.”

ஜான்சி உட்கார்ந்து கட்டளையை மறுபடி கொடுத்தாள். முதல் எழுத்துக்கு இசட். மீதி அப்படியே. தட்டினாள்.

திரை முழுக்க மொழிகளின் வரிசை விரிந்தது.

“தொறந்துகிச்சி!” என்று கத்தியது யாரென்று தெரியவில்லை, ஏனென்றால் எல்லோருமே கத்தினார்கள். ஜான்சி விறுவிறுவென்று கீழே இறங்கினாள். டச்சு, போலிஷ், ருஷ்யன், ஸ்வாஹிலி. இதோ, தமிழ். பக்கத்தில் இந்தியா. முன்னால் வேலி. ஒரு தட்டில் வேலியை எடுத்தாள். அடுத்த கட்டளையைக் கொடுத்தாள். மெஷின் தமிழைக் கட்டத் தொடங்கியது. புள்ளி, புள்ளி, புள்ளி. நாற்பது பேர் ஒரு சுவர் எழும்புவதைப் பார்ப்பது போல அந்தப் புள்ளிகளைப் பார்த்தார்கள்.

முடிந்தது என்று வந்தபோது மூன்று முப்பத்தெட்டு.

கணினி முழுவதையும் தமிழுக்குத் திருப்ப இப்போது நேரமில்லை. திரையில் திறந்திருந்த இந்த ஒரு சாளரத்துக்கு மட்டும் ‘நீ தமிழ்நாட்டில் இருக்கிறாய்’ என்று சொன்னாள். புரோகிராமை ஓட்டினாள். அச்சு இயந்திரம் ஒரு முறை இருமியது. தாளை உள்ளே இழுத்தது.

வெளியே வரும் தாளை ஜான்சி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“ம... ண்... ணாங்... கட்டி,” என்று யாரோ எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். “மண்ணாங்கட்டி! யக்கா, ஒன் பேருதான்!”

மண்ணாங்கட்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேங்கில் அவள் பெயர் மணி. ரேஷன் கார்டில் மன்னாகட்டி. ‘இதெல்லாம் ஒரு பேரா, வேற சொல்லும்மா’ என்று கேட்காத அலுவலகம் இல்லை. தாளைக் கையில் எடுக்காமல், தொடாமல், குனிந்து பார்த்தாள்.

“முழுசாப் போட்டுட்ச்சே,” என்றாள். முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்து கேட்டது. உடனே நிமிர்ந்து, “இன்னா வேடிக்க? கத்திரிக்கோல் எங்கடி?” என்று கத்தினாள்.

இரண்டு கத்திரிக்கோல்கள், ஒரு மீன் வெட்டும் கத்தி. வெட்டினார்கள், சுருட்டினார்கள், அன்னக்கூடையில் போட்டார்கள். அனந்தராமன் எழுந்து வந்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஐம்பத்தைந்து.

ஜான்சி நோட்டை எடுத்தாள். எந்த வரியில் விட்டோம்?

“சார், ஒங்க செருப்பாண்ட பாருங்க,” என்றாள் தேசம்மா.

அவர் குனிந்து எடுத்தார். ஐம்பத்தாறு. கோப்பின் நாடாவைத் திரும்பக் கட்டினார். “மூணு ஐம்பத்தேழு. ஆரம்பிக்கலாம்மா.”

முதல் இடம் வாசலோரம், இரண்டாவது மூலை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூச்சல். பத்து முடிந்தது, இருபது, முப்பது. மண்ணாங்கட்டிக்குப் பதினெட்டு, அது சரியில்லை என்று அப்போதே சண்டை தொடங்கிவிட்டாள். பெரும்பாக்கத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டு வந்துவிட்டன. நாற்பது, ஐம்பது. தேசம்மா வரவில்லை. இத்தனைக்கும் அந்தச் சீட்டு கூடையில் இருப்பதை ஜான்சி கண்ணால் பார்த்தவள். இருந்தும் மனசுக்குள் நாற்பத்தொரு வரிகளையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐம்பத்துநாலு,” என்று அனந்தராமன் சீட்டைப் பிரித்தார். “தேசம்மா.”

கடைசியிலிருந்து மூன்றாவது. பின்பக்கச் சுவரோரம், குழாயடி. ஓரிருவர் ‘த்சொ’ என்றார்கள்.

“இன்னா த்சொ?” தேசம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். “தண்ணி பக்கத்துலயே கீது. மீன அலசி அலசி வெப்பேன், தேடிக்கினு வருவாளுங்க. ஜான்சி, எழுந்திரு.”

“எங்க அத்த? இன்னும் ரெண்டு சீட்டு கீது...”

“அது அவுங்க பாத்துப்பாங்க. வா.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து புதிய அங்காடிக்குள் போனாள். சிமென்ட் வாசனை. மேடைகளில் சிவப்புப் பெயின்ட்டில் எண்கள். ஐம்பத்துநாலில் ஏறி, சேலையை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடமும் வலமும் கையை நீட்டி அகலம் பார்த்தாள். குழாயைத் திருகினாள், தண்ணீர் இன்னும் விடவில்லை, காற்றுதான் சீறியது. பிறகு, ஒரு ஈ கூட இல்லாத அந்த நீளக் கூடத்தைப் பார்த்து முழுக் குரலில் கூவினாள்.

“வஞ்சிரோம்! சங்கரா! வாம்மா, வாம்மா, உசுரோட கீது!”

கூடம் முழுக்க எதிரொலித்தது. ஜான்சி எதிரில் நின்று, வாங்க வந்தவள் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “கெளுத்தி இல்லியா?” என்று கேட்டாள்.

“நாளைக்கு வா,” என்றாள் தேசம்மா. “நாளைக்கும் இங்கதான் இருப்பேன்.”