க்ளட்ச் ப்ளேட்டைக் கொன்றது யார்?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு இருபது வருட அனுபவம். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார். இத்தனை பேரைக் கரையேற்றிய மனிதர், கட்டிய மனைவியை மட்டும் ஐந்து முறை லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்பி ஐந்து முறையும் கோட்டை விட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோகும்.

ஆறாவது டெஸ்ட் மறுநாள் காலையில். அதிலும் போனால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேன் ஓட்டும் வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது, அதுவும் இந்த வெள்ளிக்கிழமை வரைதான். இந்த நேரம் பார்த்தா ஸ்கூல் காரின் க்ளட்ச் போகவேண்டும்? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் ஊரைக் கூட்டியதே தவிர, வண்டி நகரவில்லை.

"எல்லாம் உன் கால் பண்ற வேலை" என்றார் மாஸ்டர். ஒன்பது மாதமாக இதையே கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள், பாவம்.

மெக்கானிக் காலையிலேயே கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்து கருகிய க்ளட்ச் ப்ளேட்டை வெளியே எடுத்துப் போட்டார்.

"புது ப்ளேட் கம்பெனில கேட்டா சொத்தை எழுதி வைக்கச் சொல்லுவான். கண்ட இடத்துல வாங்கினா ரெண்டே வாரத்துல பல்லை இளிக்கும். நீங்க ஜட்ஜ் கடைக்குப் போங்க மாஸ்டர். விலையும் கம்மி, பொருளும் நம்பி வாங்கலாம். ஆனா இந்தச் செத்த ப்ளேட்டை எடுத்துட்டுப் போகணும். ஓட்டினவங்களும் கூட வரணும்."

"அவங்க எதுக்கு?"

"விசாரிப்பார்."

டயர்க் கடைகளெல்லாம் முடியும் இடத்தில் அந்தத் தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு உடைந்த சாமானை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அலமாரி நிறையச் செத்த சாமான்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது. ஒரு ரேடியேட்டரில், 'தண்ணீர் காட்டாமல் கொல்லப்பட்டது.' ஒரு ஹாரனில், 'காரணம்: மச்சான்.'

மேசைக்குப் பின்னால் பூதக்கண்ணாடியும் எண்ணெய்த் துண்டுமாக உட்கார்ந்திருந்தவர்தான் ஜட்ஜ். படித்த படிப்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. விற்கிற பழைய சாமானுக்கு மூன்று வருட உத்தரவாதம் தருகிறவர் அவர். முன்னது எப்படிச் செத்தது என்று தெரியாமல் அடுத்ததை எப்படி நம்பி அனுப்புவது என்பது அவருடைய நியாயம். உண்மையை ஒத்துக்கொண்டால் பாதி விலை. மறைத்தால் எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் சாமான் கிடையாது.

"சைலன்சரை எங்க இடிச்சீங்க?" என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு குழியில சார்."

"குழிக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிக்கிறாங்களா?"

அந்த ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. "மாமனார் வீட்டு கேட்டு சார்" என்றார்.

"பாதி விலை. உக்காருங்க, எடுத்துத் தரேன்."

அடுத்து வந்தவர் விவரமானவர். வைப்பரை மேசையில் வைத்த கையோடு, "நானேதான் சார், கோவத்துல வேணும்னே உடைச்சேன்" என்று கண்கலங்கினார். ஜட்ஜ் ரப்பரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பொய். வெயில்ல கிடந்து வத்தியிருக்கு. செய்யாத குத்தத்தை ஒத்துக்கிறவங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது" என்று திருப்பியனுப்பிவிட்டார். கண்ணீர்கூட அரைகுறையாக நின்றுபோயிற்று.

மாஸ்டர் தெம்பாக முன்னால் வந்தார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லையே.

"என் சம்சாரம்தான் சார் காரணம். எத்தனை தடவை சொன்னாலும் க்ளட்ச் பழக மாட்டேங்குது."

"ஆமா சார், நான்தான்" என்றாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜட்ஜ் ப்ளேட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய்."

இருவரும் விழித்தார்கள்.

"புதுசா ஓட்டுறவங்க பெடலைப் படக்குனு விடுவாங்க. அதுல ஸ்பிரிங்தான் முதல்ல தளரும். இங்க ஸ்பிரிங் நாலும் கல்லு மாதிரி இருக்கு. இது நாள் பூரா பெடல் மேலயே கிடந்து தேய்ச்ச கால். பயந்த கால். ஆமா, நீங்க எங்க உக்காருவீங்க?"

"பக்கத்து சீட்ல. டிரைவிங் ஸ்கூல் வண்டி சார், என் பக்கமும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் உண்டு."

"அப்படியா?" என்றார் ஜட்ஜ். மூலையில் கிடந்த இரண்டு கார் சீட்டுகளை இழுத்துப் போட்டு, இரண்டுக்கும் முன்னால் பழைய பெடல்களை வைத்தார். "உக்காருங்க ரெண்டு பேரும். அம்மா, நீங்க ஓட்டுங்க."

"எதைங்க?"

"சும்மா ஓட்டுங்கம்மா. ரோடு நல்லாத்தான் இருக்கு."

அவள் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இல்லாத கியரைப் போட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து ரோட்டின் இருபுறமும் நின்றுகொண்டார்கள்.

"எதிர்ல லாரி வருது" என்றார் ஜட்ஜ். "இப்ப மேடு. நிறுத்தி எடுங்க."

"உள்ள போகுது சார்!" என்று கத்தினார் சைலன்சர்காரர். "மாஸ்டர் கால் உள்ள போகுது!"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய இடதுகால் பெடலை அடிவரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தது. எப்போது போனது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. ஆடு திருடியவர் போல முழித்தார்.

"மத்தவங்களுக்கும் இப்படித்தான் மிதிப்பீங்களா?"

"இல்ல சார்." பூசி மெழுக வழியில்லை. "இவளுக்கு மட்டும்தான். எங்கயாவது மோதி இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு... பயம் சார்."

அவருடைய மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டெஸ்ட்ல இன்ஸ்பெக்டர்தானே உங்க சீட்ல உக்காருவார்? அவர் மிதிக்கமாட்டாரே."

"மாட்டார்."

"அப்ப ஒன்பது மாசமா க்ளட்ச்சை நான் விடவே இல்லையாங்க? நீங்கதான் ஓட்டுனீங்களா?"

மாஸ்டர் தலையாட்டினார். தன் முட்டாள்தனத்தை நினைத்து அவருக்கு அழுகையே வந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ தன் வலது காலையும் இடது காலையும் புதிதாகக் கிடைத்தவை போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி விலை" என்றார் ஜட்ஜ். "ஆனா உங்க பக்கத்து க்ளட்ச் பெடலைக் கழட்டிட்டு வந்து இங்க ஒப்படைக்கணும். அப்பதான் ப்ளேட்."

மாஸ்டர் மெக்கானிக்கிடம் ஓடி, பெடலைக் கழற்றிவந்து ஒப்படைத்தார். மாலைக்குள் வேறு ப்ளேட் வண்டியில் ஏறியது. சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் உள்ள மேட்டில் அவள் பழகினாள். பதினோரு முறை வண்டி அணைந்தது. பன்னிரண்டாவது முறை உறுமிக்கொண்டு ஏறியது. அதற்கப்புறம் அவள் நிறுத்தவேயில்லை, இருட்டும்வரை ஏறி ஏறி இறங்கினாள்.

மறுநாள் காலை டெஸ்ட். மேட்டில் வண்டி நின்றது, ஒரு நொடி யோசித்தது, வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற மாஸ்டர் விட்ட பெருமூச்சில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வண்டி வேலி வாசலில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கிக் கையெழுத்துப் போட்டார். "அஞ்சு தடவை மேட்டுலயே போச்சு, இப்ப பிரமாதமா எடுக்கறீங்களே! யாரும்மா உங்களுக்குக் கத்துக்கொடுத்தது?"

மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சார்" என்றாள் அவள். "நேத்துதான் சேர்ந்தேன்."

இருபது வருட மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவள் இஞ்சினை அணைக்காமல் அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். அவர் முன்கதவுவரை போய், பிறகு பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.