ஆறாவது பகுதி

பழ ஈ வராமல் தடுக்கும் செடுனா சோதனைச் சாவடியில் மெர்வின் பாஸ்கோ இருந்த முப்பது வருஷமும் மேற்கிலிருந்து ஒரு பழம்கூட அவனைத் தாண்டி ஊருக்குள் வந்ததில்லை. ஒருமுறை தன் கார் இருக்கைக்கு அடியில் ஒற்றைத் திராட்சையைக் கண்டுபிடித்து, தன்னையே ஓரங்கட்டி, அபராதச் சீட்டு எழுதிக்கொண்டான். அதற்கு முன் அரைமணி நேரம் தன்னிடமே கெஞ்சிப் பார்த்தான், மசியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான், கண்ணால் பார்த்தவன்.

அவன் மனைவி லோர்னாவுக்கு நுரையீரலில் புற்று. ஈஸ்டர் வரை தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு வருஷமாக அவள் பார்த்துவந்த ஸ்காட்லாந்துத் தொடரின் கடைசி ஆறு பகுதிகள் அங்கே வெளியாகியிருந்தன. ஆஸ்திரேலியாவில் நமக்கு ஆகஸ்டில்தான். கடலுக்குப் போன படகோட்டி ஈவன் திரும்பினானா என்று தெரியாமல் சாகமாட்டேன் என்றாள்.

மெர்வின் மீன் வாங்கப் போயிருந்தபோது அவர்கள் டிவியில், இருக்கும் ஊரை மறைக்கும் விபிஎன் ஒன்றைப் போட்டு, அவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியிருப்பதாக அதை நம்பவைத்தேன். தினம் ஒன்றாக ஐந்து பகுதி பார்த்தாள். ஐந்தாவதின் நடுவே, கூரை ஒழுகுகிறதா, கிளாஸ்கோவில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று விளம்பரம் வந்தது. செடுனாவில் மழை பெய்து நாலு மாதம். மெர்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இது குற்றமா என்று கேட்டான். வக்கீல்களுக்கே தெளிவில்லை, தொடரைக் காட்டும் கம்பெனியின் விதியை மீறினதாகும், அவ்வளவுதான் என்றேன். காசு கட்டித்தானே பார்க்கிறாள் என்றும் சொன்னேன்.

"நான் குப்பையில போட்ட ஆப்பிள் எல்லாமே காசு குடுத்து வாங்கினதுதான், மேட்."

சாவடியில் பழத்தைத் தாமாகவே எடுத்துக் காட்டியவர்களுக்கு அவன் ஒருநாளும் அபராதம் போட்டதில்லை. அதே நம்பிக்கையில் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினான். லோர்னாவின் நிலைமையைச் சொல்லி, ஆறாவதுக்கு அனுமதி கேட்டான். மறுநாளே பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, கணக்கு மூடப்பட்டது.

என் கணக்கில் பார்க்கட்டும் என்று போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

வியாழக்கிழமை லோர்னா எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஈவன் வந்துட்டானா?"

"வந்துட்டான்," என்றேன். "தாடியும் மீசையுமா. படகுதான் போச்சு."

"கிளிஃப், நீ வாயத் தொறந்தாலே புளுகு." மெர்வின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நிஜமா?"

அவன் முதுகில் விரலால் குத்தினேன். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியல, லோர்னா. நாங்க பாக்கல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் இரண்டு நாள் இருந்தாள். எதையும் கேட்கவில்லை.