அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்

அம்மாவின் வயிறு உப்பத் தொடங்கியதும் குடும்பத்தில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். சித்தி அதை வாயு என்றாள். வெளியூரில் இருக்கும் அண்ணி, வீடியோ அழைப்பில் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, நடை போதவில்லை என்றாள். தெருமுனை டாக்டர் வயிற்றை இரண்டு விரலால் தட்டி, "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஜீரண மாத்திரை எழுதினார். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று அம்மா கேட்டாள். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அம்மா அப்படியெல்லாம் வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் காலமெல்லாம் பயிற்சியாளராக இருந்தவள். பயத்தில் உறைந்துபோகிறவர்களுக்கும், பயமே இல்லாத மடையர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி நேரம் தன் தொண்டையாலேயே வண்டியை ஓட்டியவள்.

"நாலு வாய் சாப்பிட்டா வயிறு நிறைஞ்சிடுது. எந்தத் துணியும் இடுப்புல நிக்கல. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கு. வாயுன்னா வெளிய வரணுமேடி? இது உள்ளயே குடித்தனம் பண்ணுது" என்றாள் மகளிடம்.

மகளை வீட்டில் சின்னவள் என்பார்கள். அப்பா போன பிறகு அம்மாவோடு அதே மாடி வீட்டில் இருந்தவள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தொலைபேசி வேலை. நடுவழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் கேட்பது அவள் குரல்தான். ஒரு நாள் விடுப்பு எடுத்து, யார் பேச்சையும் கேட்காமல் அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை அம்மாவிடம் தனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கருவியை அடிவயிற்றில் நகர்த்தியவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அறிக்கையைப் படித்த டாக்டரம்மா, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றதும், வேறு வழியில்லாமல் பெண்ணிடமே சொன்னார். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, சினைப்பையில் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய்தான். "பொது சர்ஜன்கிட்டப் போயிடாதீங்க. இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. முதல் தடவை யார் வயித்தைத் திறக்கிறாங்கங்கிறது இதுல ரொம்ப முக்கியம்."

சின்னவள் அண்ணனுக்குச் சொன்னாள். அவன் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் பெரிய மேலாளர். வீட்டில் பெரியவன். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விமானத்தில் வந்து இறங்கினான். வந்ததும் மாநாடு கூடியது. இடம் சமையலறை. அம்மா காதில் விழக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள்.

"அம்மாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுவோம்" என்றான் பெரியவன்.

"ஆமாம்ப்பா. அந்த வார்த்தையைக் கேட்டா அக்கா அங்கயே போயிடுவா" என்று சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுக்குள்ள யாரும் அந்தப் பேரைச் சொல்லவே வேணாம். 'அது'ன்னு சொல்லுவோம்."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரது, தண்ணியை இப்படி வீணாக்கறது?"

பெரியவன் குழாயைப் பாதி மூடினான். குரலையும் பாதியாக்கிக்கொண்டான்.

சின்னவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். இதற்கென்றே படித்த சர்ஜன் நகரத்தில் ஒருவர்தான். அவர் இருப்பது புற்றுநோய் மருத்துவமனையில்.

"அங்க போகவே முடியாது" என்றான் பெரியவன். "வாசல்ல கொட்டை எழுத்துல போர்டு வச்சிருக்கான். அம்மா படிச்சிடுவா."

அது உண்மைதான். அம்மாவுக்குத் தொழில் தந்த பழக்கம் அது. காரில் ஏறிவிட்டால் வழியில் உள்ள எல்லாப் போர்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள். இடப்பக்கம் திரும்பாதே, வேகத்தடை, பல் மருத்துவர், பழைய இரும்பு வாங்கப்படும், எதையும் விடமாட்டாள்.

"பின்பக்க வழியா கூட்டிட்டுப் போனா?" என்றாள் சித்தி.

"பின்னாடியும் போட்டிருக்கான், பாவி."

"அப்ப கண்ணாடியை எடுத்து ஒளிச்சு வச்சிடலாம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்குன்னு சொல்லலாம்."

சின்னவள் சிரித்துவிட்டாள். மற்ற இருவரும் அவளை, அம்மா மேல் பாசமில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்கள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கடைசியில் பெரியவன் தன் நண்பனைக் கண்டுபிடித்தான். கூடப் படித்தவன், இப்போது சர்ஜன், தனியார் மருத்துவமனை. முன்கூடத்தில் சுவர் நீளத்துக்கு மீன்தொட்டி. 'புற்று' என்ற சொல் மருந்துக்குக்கூட எங்கும் கிடையாது. நண்பன் முதலில் பெரியவனோடு பழைய ஹாஸ்டல் கதை பேசினான். பிறகு அம்மாவின் தலைக்கு மேலாக, "அம்மா செம ஸ்ட்ராங்டா, ஒண்ணும் ஆகாது" என்றான்.

"என்ன கட்டி அது?" என்று கேட்டாள் அம்மா.

"சின்னக் கட்டிம்மா. அதைப் பத்தி நீங்க யோசிக்கவே கூடாது. நாங்க எதுக்கு இருக்கோம்?"

"இந்த ஆபரேஷனை நீங்க நிறையப் பண்ணியிருக்கீங்களா?" என்று சின்னவள் கேட்டாள். மேசைக்கு அடியில் பெரியவன் அவள் காலை மிதித்தான்.

"வயித்துக்குள்ள எது இருந்தாலும் எடுப்பேன்" என்றான் நண்பன். சொந்த வீட்டுப் பரணில் ஏறி எதையோ எடுப்பவன்போல் சொன்னான். அடுத்த வாரமே அறை ஒதுக்கிவிடுவதாகவும் சொன்னான்.

மறுநாள் சின்னவள் வேலைக்குப் போனாள். ஏதோ அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு: பதற்றப்படாதீங்க சார், ஆள் வந்துட்டே இருக்காங்க. அதை அவள் அவருக்குச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். அவர் கதவை உதைப்பது கேட்டது. மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது அந்தப் பதில் வரவில்லை.

"சார், உண்மையைச் சொல்றேன். மெக்கானிக் இன்னும் கிளம்பவே இல்ல. அரை மணி நேரமாவது ஆகும். உள்ள காத்து வரும், லிஃப்ட் கீழ விழாது. வர்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்."

மறுமுனையில் உதை நின்றது. "அப்படியா? அப்ப நான் கீழ உக்காந்துக்கறேன்" என்றார் அந்த மனிதர், பாரம் இறங்கியவர்போல.

சின்னவள் அன்று வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். வீட்டில் பெரியவனும் சித்தியும் இல்லை. மருத்துவமனை அறையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கப் போயிருந்தார்கள். அம்மா தொலைக்காட்சி முன்னால் இருந்தாள். சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அது வெறும் கட்டி இல்ல. கேன்சர்னு சொல்றாங்க. சினைப்பையில."

அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். அணைக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உன் சித்தி இத்தனை நாளா என்கிட்ட ஒரு சண்டை போடலடி. அவ வாயைக் கிளறலாம்னு அவ புருஷனை மட்டமாப் பேசினேன். 'நீ சொன்னா சரிதான்க்கா'ங்கறா. பெரியவன் எனக்குக் கால் அமுக்கி விடறான். நான் ஏற்கனவே செத்துட்டேனோன்னு என்னையே ஒரு தடவை கிள்ளிப் பாத்தேன்."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா எல்லாரும் பொய் சொல்வீங்க. உங்க யாருக்கும் ஒழுங்காப் பொய் சொல்லக்கூட வராது. பாக்கவே சகிக்காது." அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன். நீயும் லேட் பண்ணிட்ட."

அது சின்னவளுக்கு நெஞ்சில் தைத்தது. அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"செத்துடுவேனா?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியலம்மா. பரவியிருக்கலாம்ங்கறாங்க. இதுலயே தேர்ந்தவங்க ஆபரேஷன் பண்ணா நல்லா வர்றதுக்கு வாய்ப்பு அதிகமாம்."

"மீன்தொட்டிக்காரன் தேர்ந்தவனா?"

"இல்ல."

"பின்ன தேர்ந்தவங்க எங்க இருக்காங்க?"

சின்னவள் போர்டு கதையைச் சொன்னாள். கண்ணாடியை ஒளித்துவைக்கும் திட்டம் வரை ஒன்றையும் விடவில்லை. அம்மாவின் முகம் சிவந்தது.

"நான் ஒரு போர்டைப் படிச்சிடுவேன்னு, என் வயித்தை எவன் கையிலயோ கொடுக்கப் பாத்தீங்களா? கார் ஓட்டத் தெரிஞ்சவனையெல்லாம் மலைப்பாதையில பஸ் ஓட்டச் சொல்வீங்களாடி?" கத்திவிட்டு, தலையணையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். திரையில் யாரோ ஒரு பெண் சத்தமில்லாமல் பற்பசையைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மா காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டு போக வேண்டிய இடத்தைச் சொன்னாள். பெரியவன் தங்கையை முறைத்தான். "சொல்லிட்டியா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. பின்சீட்டில் சித்தி, அக்கா இதோ போகப்போகிறாள் என்பதுபோல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மருத்துவமனை வாசல் வந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் போர்டை எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தாள். காவலாளி திரும்பிப் பார்த்தார். பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

"அழறதுன்னா வண்டியை ஓரம் கட்டிட்டு அழு" என்றாள் அம்மா.

உள்ளே மீனும் இல்லை, தொட்டியும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைமுடி இழந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு, மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு அதுவே அதிர்ச்சி. இங்கே வந்தவர்கள் ஓயாமல் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

சர்ஜன் குள்ளமான பெண்மணி. வந்தவர்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். பிறகு அவர் பேசியதெல்லாம் அம்மாவிடம்தான். வயிற்றைப் படமாக வரைந்து, தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். கருப்பை, இரண்டு சினைப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, வேறெங்கே பரவியிருந்தாலும் அதுவும். பிறகு கீமோ.

"டாக்டர், அம்மாகிட்ட இவ்வளவு விவரமா..." என்று பெரியவன் இழுத்தான்.

"வயிறு அவங்களோடது சார்" என்றார் சர்ஜன். அம்மாவுக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

ஆபரேஷன் அன்று காத்திருக்கும் அறையில் சித்தி அழுத அழுகையில், பக்கத்துக் குடும்பத்தார் தங்கள் நோயாளியை மறந்து அவளைத் தேற்றினார்கள். பெரியவன் உறவினர் குழுவுக்கு, சூரியன் உதிக்கும் படங்களோடு நம்பிக்கை வாசகங்களை அனுப்பித் தள்ளினான். சின்னவள் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எழுந்து நின்றாள். பொழுது சாய்ந்த பிறகுதான் சர்ஜன் வந்தார். பரவித்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்தாகிவிட்டது. நிறைய நேரம் பிடித்தது, ஆனால் தாங்கிவிட்டார். பெரியவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஸ்கூல் பையன்போல் தேம்பினான். சின்னவள் அவன் தலையில் கை வைத்தாள். காலை மிதித்த கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது. கையை எடுக்கவில்லை.

அதன்பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள். நோயைவிட அவர்களைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சர்க்கரைதான் காரணம் என்றார் ஒருவர். கோபம்தான் காரணம் என்றார் இன்னொருவர். அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் கட்டிலோரம் சௌகரியமாக உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு அம்மாளுக்கும் இதே நோய், இதே ஆபரேஷன், பாவம் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று விலாவாரியாகச் சொன்னார்.

"அப்படியா? நீங்க எப்ப கிளம்பறீங்க?" என்றாள் அம்மா.

அவர் எழுந்து போனதும் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்து உயிர் போயிற்று. "சிரிக்க வைக்காதடி, சண்டாளி" என்று ஒன்றுமே செய்யாத மகளைத் திட்டினாள். அன்றிலிருந்து சின்னவள் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அம்மா தூங்குகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கூசாமல் புளுகினாள்.

வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு நடக்கப் பழக்கியதும், ட்யூபிலிருந்து வடியும் நீரை அளந்து கொட்டியதும், முதுகு தேய்த்துக் குளிப்பாட்டியதும் அவள்தான். கீமோ தொடங்கிய பிறகு அம்மாவின் வாய்க்கு எல்லாமே இரும்பாகக் கசந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு தரையில் கவிழ்ந்தது. "எனக்கு மட்டும் கசக்கலையா?" என்று சின்னவளும் கத்திவிட்டாள். இருவரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அம்மாவே கூப்பிட்டு, தலையில் மிச்சமிருந்த முடியை மழித்துவிடச் சொன்னாள்.

கடைசிக் கீமோ முடிந்து சில வாரங்களில் சர்ஜன் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். திரும்பவும் வரலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் பெரியவனின் அழைப்பு வந்தது. நல்லா இருக்குங்கறாங்க என்று அம்மா சொன்னதுதான் தாமதம். முழுசாக் குணமாயிடுச்சு, இனிமே அது திரும்பி வரவே வராது என்று அவன் மறுமுனையில் கூவினான். எல்லோருக்கும் இப்பவே சொல்லப்போகிறேன் என்றான். சின்னவள் போனைப் பிடுங்கப் போனாள். அம்மா தடுத்து, "ஆமாண்டா, ஆமாண்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏம்மா பொய் சொல்ற?"

"அவனால தாங்க முடியாதுடி. சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, நீ தாங்குவ" என்றாள் அம்மா, டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டே.

அது பாராட்டா, தண்டனையா என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, இண்டிகேட்டர் போடாமல் ஓரம் கட்டியதற்காக டாக்ஸிக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கத் தொடங்கியிருந்தாள்.