பம்பருக்குப் பின்னால் வைத்தது

கார்க் கதவு ஒன்றை மடியில் கிடத்தி, உள்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார் டிங்கர். கையில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் முதலாளி. கண்ணாடி அறையை விட்டு இத்தனை தூரம், கிரீஸில் செருப்பு வழுக்குமே என்ற பயம்கூட இல்லாமல் நடந்து வந்திருக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் ஆள் தேவைப்பட்டால் ஜன்னலைத் திறந்து "யோவ்" என்பதோடு சரி.

"சாப்பிட்டீங்களா?" என்றார் முதலாளி.

"மணி பத்துதானே ஆகுது" என்றார் டிங்கர்.

"ஒண்ணுமில்ல, சும்மா ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க. ஒரு கையெழுத்து."

முதலாளி முன்னால் போனதும் பக்கத்துக் கொட்டகையிலிருந்து பெயிண்டர் தலையை நீட்டினான். "என்ன மாமா, ராஜ உபசாரம்! கடையில பாதி எழுதிக் குடுக்கப் போறாரா?"

"உன் வாயில டேப்ப ஒட்டுடா" என்று சொல்லிவிட்டு, சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

வழியில் அந்த வெள்ளை வண்டி நின்றது. காலையிலேயே பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல இருந்தார். மூன்று நாளைக்கு முன்னால் ரோடு கூட்டுகிற பெண் ஒருத்தி மேல் மோதிய வண்டி. அவள் இன்னும் கண் திறக்கவில்லையாம். முன் கண்ணாடி குழிந்து நொறுங்கியிருந்தது. பானெட்டின் நடுவில் ஒரு பள்ளம். பம்பரைக் கழற்றித் தரையில் சாய்த்திருந்தார்கள். அது மூடியிருந்த தெர்மாகோல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வெளுப்பாக நின்றது.

அறையில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, பதவிசான மனிதர். பதவிசாகப் பேசுகிறவர்களிடம் டிங்கருக்குக் கூடுதல் பயம்.

"இந்த வண்டியில ஒரு ஏற்பாடு இருக்கு, தெரியும்ல? ஆளோட கால் பம்பர்ல பட்டா, உள்ள ஃபோம் நசுங்கும். ஃபோம்ல ஓடுற ரப்பர் குழாயும் நசுங்கும். குழாய்க்குள்ள இருக்கிற காத்துதான் சேதி சொல்லும். உடனே பானெட் பின்பக்கம் நாலு விரல் உயரம் எழும்பிடும். விழற தலை தகரத்துல விழுந்தா தகரம் அமுங்கிக் குடுக்கும். எழும்பலேன்னா அடியில இருக்கிற இன்ஜின்லதான் போய் மோதும்." பேனாவால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "எழும்பல."

முதலாளி ஒரு அட்டையை மேஜை மேல் நகர்த்தினார். "ரெண்டு மாசம் முன்னாடி நீங்க பார்த்த வேலை. அன்னிக்கு கையெழுத்து விட்டுப்போச்சு. இங்க போட்டுடுங்க."

டிங்கர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்து எழுத்தாகக் கூட்டினார். அவர் படித்த மூன்றாம் வகுப்புக்கு அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. 'ஃபோம்: புதியது கொடுக்கப்பட்டது. பெற்றுப் பொருத்தியவர்:' என்று போட்டு, பக்கத்தில் வெறும் கோடு.

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டால் புது ஃபோம் அவர் கைக்கு வந்தது என்று ஆகும். வண்டியில் இருப்பதோ தெர்மாகோல். அப்போது புதுசு எங்கே போனது? டிங்கர் விற்றுத் தின்றுவிட்டான் என்பார்கள்.

அன்றைக்கு நடந்தது அவருக்கு மறக்கவில்லை. வண்டி ஒரு தூணில் மோதி, பழைய ஃபோம் துண்டாகியிருந்தது. புதுசு வர மூன்று வாரம் என்றார்கள். வண்டிக்காரர் தினம் போன் போட்டு நச்சரித்தார். முதலாளி ஜன்னலில் தலை நீட்டி, "ஃப்ரிட்ஜ் பெட்டியில வர்ற தெர்மாகோலை அளவா வெட்டி வைய்யா, மூடினா எவனுக்குத் தெரியும்?" என்றார். "அதுல குழாய்க்குப் பள்ளம் இல்லையே" என்று இவரும் கேட்டார். "குழாயைக் கீழ கட்டி விடு." கட்டி விட்டார். நசுங்காத இடத்தில் குழாய் சும்மா கிடந்தது. உள்ளே காற்று குறையாததால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பம்பரை மூடியபோது இரண்டு பக்கமும் இடைவெளி நூல் பிசகாமல் இருந்தது. அன்று சாயங்காலம் அதைப் பெயிண்டரிடம் பெருமையடித்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

"தெர்மாகோல் வச்சது நான்தான்" என்றார் சர்வேயரிடம். "வைக்கச் சொன்னது இவர்."

முதலாளி சிரித்தார். "நானா? எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாதே சார். ஆபீஸ்ல உக்காந்து பில் போடுறவன் நான்."

"எழுத்துல எதாவது இருக்கா?" என்றார் சர்வேயர்.

"ஜன்னல்ல கத்தினதுக்கு எழுத்து எங்கேருந்து வரும்? பெயிண்டரைக் கேளுங்க. பக்கத்துலதான் நின்னான்."

பெயிண்டர் வந்தான். மூக்குத் துணியைக் கழற்றாமலே வாசலில் நின்றான். "கம்ப்ரஸர் சத்தத்துல எனக்கு என்னங்க கேக்கும்?"

"டேய், இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுடா."

"வீட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்க மாமா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சர்வேயர் எழுதினார். பேனா ஓடுவது டிங்கருக்குப் பிடிக்கவில்லை. "என்ன எழுதினீங்க? படிங்க."

"தெர்மாகோல். பொருத்தியவர் டிங்கர். ஒப்புக்கொண்டார்."

"யாரு சொல்லி வச்சேன்னு சொன்னேனே, அது எங்க?"

சர்வேயர் தாளைத் திருப்பிக் காட்டினார். பாகம், நிலை, பொருத்தியவர், தேதி. நாலே கட்டம். "அதுக்குக் கட்டம் இல்லீங்க" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்த மாதிரிதான் இருந்தது.

"இந்த அட்டையில என் கை படாது" என்று எழுந்தார் டிங்கர்.

"படலேன்னா போ. கொட்டகைக்குள்ள இனி கால் வைக்காத" என்றார் முதலாளி. மரியாதை போயிருந்தது. டிங்கருக்கு அதுவே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெளியே வெள்ளை வண்டியின் முன்னால் ஒரு ஆள் குந்தியிருந்தார். ரோடு கூட்டுகிறவர்களின் பச்சைச் சட்டை. ஆஸ்பத்திரி அட்டை சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்தது. அவளுடைய புருஷன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, இதுல என்னமோ மேல எழும்பும்னு சொன்னாங்களே, அது எங்க இருக்கு?"

டிங்கர் அவர் பக்கத்தில் குந்தினார். தெர்மாகோலைக் காட்டினார். கீழே, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்கால் கட்டியிருந்த கறுப்புக் குழாயைக் காட்டினார். "இது அதுக்குள்ள இருக்கணும். இங்க இருக்கு."

அந்த ஆள் குழாயை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று அமுங்கியது. "இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"யாருண்ணே இப்படிக் கட்டினது?"

டிங்கர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார். கையில் தண்ணீர் பாட்டில். "வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? எனக்கும் ராத்திரி தூக்கமே இல்லைங்க. உள்ள வாங்க, எல்லாம் சொல்றேன்." அந்த ஆளின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு எழுப்பி, நடத்திக் கூட்டிப்போனார்.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே முதலாளியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. சர்வேயர் தாளை எடுத்து நீட்டி, 'பொருத்தியவர்' கட்டத்தில் விரல் வைத்தார். பச்சைச் சட்டைக்காரர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கண்ணாடி வழியாக டிங்கரைப் பார்த்தார்.