புதன்கிழமை பிற்பகலுக்கு ஒருவர் தேவை

நெதர்கோம்ப் கிராமத்தில் மாதம்தோறும் அச்சிடும் ஊர் மடலில் உதவி கேட்பவரின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. போட்டால் அவர் ஒரு மாதத்துக்குக் கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டார். அதனால் 'ஆற்றோரம் வசிக்கும் ஒரு பெண்மணிக்கு', 'மேட்டுத் தெருவில் ஒருவருக்கு' என்றுதான் அச்சிடுவார்கள். படித்ததும் யார் என்று ஊர் ஊகித்துவிடும். ஊகித்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

அந்த மடலைத் தொகுப்பவள் ஹிலரி. புதன்கிழமைகளில் முதியோருக்கான மதிய உணவையும் அவள்தான் மண்டபத்தில் நடத்தினாள். வெள்ளிக்கிழமை ஊர்க் கடையில் கல்லாவில் நிற்பாள். மண்டபத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. "இவ்வளவையும் எப்படித்தான் பார்க்கறீங்களோ" என்று யாராவது கேட்டால், "சும்மா உட்கார எனக்குத் தெரியாது" என்று சிரிப்பாள். அது உண்மைதான். சும்மா உட்கார்ந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வருவதற்குள் எழுந்துவிடுவாள்.

மடலை அச்சுக்கு அனுப்பும் முன் கணவன் கிளைவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவள் பழக்கம். அவனுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் தெரியும். யாரையும் நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டே பேசுவான். அக்டோபர் மடலில் வழக்கமான விஷயங்கள்தான்: பேருந்து இனிமேல் வியாழக்கிழமை வராது, மண்டபக் கூரை ஒழுகுகிறது, திரு. பார்ஜிட்டரின் காணாமல்போன ஆமை அவருடைய முட்டைக்கோஸ் பாத்தியிலேயே அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில், கைகொடுக்க ஆள் தேவைப்படும் வேலைகள். அக்கம்பக்கத்தாருக்குத் துணைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பில் இருந்த மோரீன் அதற்கு ஒரு புதிய குறிப்பைக் கொடுத்திருந்தாள்.

"ஊரில் ஒருவருக்குப் புதன்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருக்க ஒருவர் தேவை. பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தேநீர் உண்டு."

"பாவம், யாரோ" என்றாள் ஹிலரி. "மில் சந்துல இருக்கற பார்ஜிட்டரா இருக்கும். ஆமையைத் தவிர அவருக்கு யாரு பேச்சுத் துணை?"

"இருக்கலாம்" என்றான் கிளைவ்.

"'தேநீர் உண்டு' நல்லா இல்ல. எடுத்துடவா?"

"இருக்கட்டும். அது இருந்தா நல்லா இருக்கும்."

நவம்பரிலும் அதே குறிப்பு வந்தது. "இன்னும் யாரும் முன்வரலையாம். என்ன ஊர் இது!" என்று அலுத்துக்கொண்டே படித்தாள். கிளைவ் ரொட்டித் துணுக்குகளை மேசையில் விரலால் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தான். டிசம்பரில் மறுபடியும் அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கடையில் தபால்தலை அடுக்கிக்கொண்டிருந்த மோரீனிடம் போனாள்.

"அந்தப் புதன்கிழமைக்கு நானே போறேன். சாப்பாடு முடிஞ்சதும் பாத்திரத்தை மத்தவங்க கழுவட்டும்."

மோரீன் தபால்தலைகளைக் கலைத்துவிட்டு மீண்டும் அடுக்கினாள். "நீங்க வேண்டாம், ஹிலரி."

"ஏன்?"

"உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை..."

"ஒரு மணி நேரம்தானே."

"இல்ல, அது... அவருக்கு ஆம்பளைத் துணைதான் சரிப்படும்னு நினைக்கறேன். இன்னிக்குக் குளிர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இல்ல?"

குளிர் குறையவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஹிலரிக்கு முகம் சுட்டது. நான் அதிகம் பேசுகிறேன் என்று நினைக்கிறாளா? கேட்கத் தெரியாதவள் என்றா? ஊரில் ஒரு வேலைக்கு அவளை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது. மறுநாள் எலுமிச்சை கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், மில் சந்துக்குப் போனாள்.

பார்ஜிட்டர் கதவைப் பாதி திறந்து கேக்கைத்தான் முதலில் பார்த்தார்.

"யார் செத்தாங்க? அப்பதானே இந்த ஊர்ல வீடு தேடி கேக் வரும்."

"யாரும் இல்ல. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு. புதன்கிழமை துணைக்கு ஆள் கேட்டிருந்தீங்களே..."

"நானா? என் வீட்டுல எவனாவது ஒரு மணி நேரம் உக்காந்தான்னா நான் ஜன்னல் வழியா குதிச்சு ஓடிடுவேன்மா." கேக்கை வாங்கிக்கொண்டார். பிறகு அவருடைய சிரிப்பு நின்றது. "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மா இல்லாம ஒரு ஆள் தனியா இருக்கற வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு?" தலையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் தெரியும்மா. அதான் யாரும் போகல. போனா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

அவள் நன்றி சொன்னாள். எதற்கென்று தெரியாமல், ஆமையையும் விசாரித்தாள். அது பெட்டிக்குள் குளிர்காலத் தூக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.

சந்தில் பாதி தூரம் வந்ததும் நின்றாள். மூன்று மாதம் கிளைவுக்கே அதை உரக்கப் படித்திருக்கிறாள். பாவம் யாரோ என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் யாரும் வரவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னது அவள்தான். அவள்மேல் வைத்த மரியாதையால் ஊரே அவனைத் தனியாக விட்டிருக்கிறது.

கிளைவ் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான், தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"புதன்கிழமை சாப்பாட்டை விட்டுடறேன். நான் வீட்டுல இருக்கேன். உனக்குத் துணைதானே வேணும்?"

"துணை இல்ல, ஹில்."

"பின்ன?"

"பேசணும். நீ இருந்தா பேச முடியாது."

"நான் என்ன, உன் வாயைப் பொத்தறேனா?"

அவன் அவளுக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்தான். "பிரையனியைப் பத்தி" என்றான்.

அவள் குழாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான் தன் கை செய்ததைக் கவனித்தாள். கழுவ எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மகள் இறந்த பிறகு, மலர் அனுப்பியவர்களுக்கு மடலில் ஒரு வரியில் நன்றி சொன்னாள். அதில்கூட அந்தப் பெயர் இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதை அவள் சொன்னதில்லை. அவன் சொல்ல ஆரம்பித்த நேரங்கள் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருமுறை சாவியைத் தேடி எழுந்தாள். ஒருமுறை அடுப்பில் ஏதோ கருகுகிறது என்றாள். எதுவும் கருகவில்லை.

"கேட்கறேன்" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "இப்பவே சொல்லு."

அவன் காத்திருந்தான். குழாயை மூட அவள் கை போகவில்லை.

"பரவாயில்ல, ஹில்" என்றான் அவன். மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டான்.

ஊரில் எத்தனையோ வேலைகளுக்கு ஆள் பிடித்தவள் அவள். யாரிடம் எப்படிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று தெரிந்தவள். இந்த ஒன்றுக்கு எப்படிக் கேட்பது என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தாள். திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே லென் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவி இல்லாதவன், கோடை முழுவதும் அங்கே சம்பளம் இல்லாமல் புல் வெட்டுபவன். பிரையனியின் கல்லைச் சுற்றியும் அவன்தான் வெட்டுகிறான். ஹிலரி அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

"லென், புதன்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்குப் போவீங்களா? நான் இருக்க மாட்டேன்."

லென் துடைப்பக் கம்பில் சாய்ந்தான். "உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்குச் சங்கடம் இல்ல" என்றாள். அது பொய். இருவருக்கும் தெரிந்த பொய்.

"நான் பெரிசாப் பேச மாட்டேனே."

"அவர்தான் பேசுவார். நீங்க..."

"கேக் உண்டா?" என்றான் லென். அவள் தலையசைத்தாள். அவன் மறுபடியும் இலைகளைக் கூட்டத் தொடங்கினான்.

லென் போக ஆரம்பித்தான். புதன்கிழமை மாலைகளில் கழுவாத இரண்டு கோப்பைகள் மேசையில் இருக்கும். ஹிலரி எதுவும் கேட்காமல் கழுவி வைப்பாள். கிளைவ் அன்றிரவு நன்றாகத் தூங்குவான். அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, தன்னிடமிருந்து எதையோ வேறொருவர் தூக்கிக்கொண்டு போவதுபோலவும் இருந்தது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை மண்டபத்துக் குழாய் உறைந்து வெடித்தது. உணவை ரத்து செய்துவிட்டு, வேறு போக்கிடமில்லாமல் அவள் வீட்டுக்கு வந்தாள். புறவாசல் வழியாக நுழைந்து, பூட்ஸ் கழற்றும் சின்ன அறையில் நின்றபோது உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. கிளைவின் சிரிப்பு. அந்தச் சத்தத்தை அவள் மறந்துபோயிருந்தாள்.

"...நாய்க் கண்காட்சிக்கு எல்லாப் பிள்ளைங்களும் நாயோட வந்திருக்கு. எங்ககிட்ட ஏது நாய்? இவ கோழி கழுத்துல கயித்தைக் கட்டி இழுத்துட்டு வந்துட்டா!"

"எனக்கு ஞாபகம் இருக்கு!" லென் மேசையைத் தட்டினான். "அழகா வாலாட்டும் நாய்க்கான போட்டியில நின்னாளே! நடுவர் யாரு, பாதிரியாரா?"

"அவரேதான். மூணாம் பரிசு குடுத்தார். எங்க பிரையனி அவரை முறைச்சுக்கிட்டு, 'ஏன் சார், என் கோழி ரெண்டாவது இல்லையா'ன்னு..."

ஹிலரி கதவைத் திறந்துவிட்டாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு முகங்களும் திரும்பின. சிரிப்பு, பெரியவர்களைக் கண்ட பிள்ளைகளின் சிரிப்புபோல அணைந்தது.

"வெளியில பனி விட்டுடுச்சா?" என்றான் கிளைவ்.

"நான் கிளம்பறேன், நேரமாச்சு" என்று லென் தொப்பியைத் தேடினான்.

அந்தக் கோழியின் கழுத்தில் கட்டியது கயிறு அல்ல. ஹிலரியின் பச்சை நாடா. அவள்தான் கட்டிவிட்டாள், இறுகாமல், இரண்டு விரல் இடம் விட்டு. அதைச் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியம் வாய்வரை வந்தது. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"இருங்க லென். அலமாரியில கேக் இருக்கு, எடுத்துக்கங்க" என்றாள். "நான் தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வரேன்."

கதவைச் சாத்திக்கொண்டு சின்ன அறைக்கு வந்தாள். வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டாள். நீக்கவில்லை. ஈரப் பூட்ஸுகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அலமாரி திறந்தது, தட்டு வைக்கப்பட்டது. வெளிக்கதவு திறக்கும் சத்தத்துக்காகக் கிளைவ் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கதவு எப்போதும் கிறீச்சிடும். இந்த முறை கிறீச்சிடவில்லை.

லென் மெதுவாக ஏதோ கேட்டான். பிறகு கிளைவ் தொடங்கினான், விட்ட இடத்திலிருந்து. குரல் முன்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. எதிரே இருக்கும் ஒருவருக்குத் தேவையானதைவிட உரக்க, கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு.

ஹிலரி கோட்டின் பொத்தான்களைக் கழற்றாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, எழாமல் இருந்தாள்.